முதல் மழை ஈசல்

கோடை முழுக்க ஏரிச் சேற்றுக்குள் சாப்பிடாமல் கிடந்த தவளை, முதல் மழைக்கு வெளியே வந்தது. சுற்றிலும் ஈசல் மொய்த்தது. தவளையோ தன் மேல் காய்ந்திருந்த தோலை உரித்து மெதுவாகத் தின்றது.

ஓர் எறும்பு ஓடி வந்தது.

“என்ன தவளையாரே, இத்தனை ஈசல் இருக்க, காய்ஞ்ச தோலையா தின்பீங்க?”

“வயிறு இன்னும் முழிக்கலை. நாளைக்கு ஒரு ஈசல், அப்புறம் ரெண்டு.”

“உங்க அண்ணன் இப்படியா இருந்தார்? போன வருஷம் வெளியே வந்த கையோட வயிறு முட்டத் தின்னாரே!”

“அப்படியா? அப்புறம் என்ன ஆனார்?”

எறும்பு பேச்சை மாற்றப் பார்த்தது. அதற்குள் பின்னால் வரிசையில் நின்ற இன்னோர் எறும்பு சப்புக்கொட்டியபடி சொன்னது:

“ஒரு மாசம் வச்சுச் சாப்பிட்டோம்.”