இரண்டாம் சிலிண்டர் மரண அறிவிப்பு

குளச்சல் கடற்கரையோருக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், குவைத்திலிருந்து சிலிண்டரின் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் கேஜோடு திரும்பிய ஆன்ட்ரூஸ், தங்கை கணவர் ததேயுஸின் மீன்பிடி வள்ளத்துப் பழைய மோட்டாரைச் சோதித்தருளினார்.

"முதல் சிலிண்டர் நூத்திப்பத்து. ரெண்டாவது அறுபது. செத்துப்போச்சு மக்கா. ஆக்கர் கடையில போடு."

"இன்னைக்குக் காலத்தகூட ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆச்சே, மச்சான்."

"கேஜைவிட ஒனக்குத் தெரியுமோ?"

பதினெட்டு வருடம் தன்னைக் கரைசேர்த்த மோட்டாரை ததேயுஸ் பழைய இரும்புக்குக் கொடுத்தார்.

மறுநாள் அவர் அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போனபிறகு, ஆன்ட்ரூஸ் தன் புத்தம்புது மோட்டாரைச் சோதித்தார். இரண்டு சிலிண்டரும் அறுபது காட்டின. கேஜைத் திருப்பிப் பார்த்தார். பிளக் துளையில் திருகும் முனையில், காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் இல்லை.

கடைக்கு ஓடினார். பழைய மோட்டாரை உடைத்துப் போட்டிருந்தார்கள். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது.

வளையத்துக்குச் சேதம் ஏதுமில்லை.