திருக்கை வால்

காயவைத்த திருக்கை மீனின் வால்தான் பூசாரியின் சாட்டை. எண்ணூர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்க்குப் பின்னால் இருந்த அந்தக் கோயிலில் நோயோ பேயோ, அந்த அடிக்குத்தான் இறங்கும்.

தூணில் கட்டியிருந்த எல்லப்பனின் முதுகு முதல் அடியிலேயே கிழிந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல சாமி. பேய் புடிச்சது அவளுக்கு."

ஓரமாக நின்ற அவன் மனைவி கோமளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பேய் என்னிக்கும் தன்ன காட்டிக்காது. பக்கத்துல கீறவங்களத்தான் கைகாட்டும்" என்று பூசாரி மறுபடி வீசினார். கயிறெல்லாம் ரத்தம்.

"அவளையே கேளு சாமி. நாங்க இன்னாத்துக்கு வந்தோம்னு அவளுக்குத் தெரியும்."

"இன்னாம்மா சொல்றான்?"

"வூட்லயும் இப்டித்தான் சாமி. அடிக்கறது அது, பேய்ன்றது என்னை."

சாட்டை நிற்கவில்லை.

கோமளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடி தாங்காமல் போலீசுக்குப் போகிறேன் என்றவளை, பேய் பிடித்துவிட்டது என்று காலையில் இங்கே இழுத்து வந்தவன் எல்லப்பன்தான். வாசலில் பீடி பற்றவைக்க அவன் கையை விட்ட நேரத்தில், முதலில் உள்ளே ஓடி வந்தவள் பூசாரியிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"என் வூட்டுக்காரருக்குப் பேய் புடிச்சிகீது சாமி. இட்டாந்துகீறேன்."