ஒரு மணித் தட்டு

மணி ஒன்று. இருநூற்றுப் பதினேழு பேரிடம் ஒரே நொடியில் "சாப்பிட்டீங்களா? தட்டைக் காட்டுங்க" என்று அக்கறையாக விசாரித்துவிட்டு, டயட்டீஷியன் கண்ணாடி முன்னால் நின்று உதட்டுச் சாயம் போட்டுக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொன்னால், விசாரித்தது அவள் இல்லை, அவளுடைய போன். நேரம் குறித்து வைத்துவிட்டால் அது பாட்டுக்கு நாள் தவறாமல் கேட்டுவிடும். வந்து விழுகிற தட்டுப் படங்களுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவது மட்டும்தான் அவள் பங்கு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் தூக்குகிறாளா என்று யாரும் கேட்டதில்லை, அது அவள் அதிர்ஷ்டம்.

அன்றைக்குப் பார்க்கவேண்டி வந்தது. அடுத்த வீடியோவுக்கு ஒரு நல்ல தட்டு தேவைப்பட்டது. நல்ல தட்டு என்றால் கண்டக்டர் ஐயா வீட்டுத் தட்டுதான்.

ஐயா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் பாதி படுத்துவிட்டது. உப்பு கூடாது, தண்ணீர்கூட அளந்துதான். வெளிநாட்டில் இருக்கும் மகன் அவரை அவளிடம் ஒரு வருடத்துக்குச் சேர்த்துவிட்டிருந்தான். "உப்பை விசில் அடிச்சு இறக்கி விட்டாச்சு டாக்டரம்மா! இனிமே கையைக் காட்டினாலும் ஏத்த மாட்டேன்" என்று முதல் மாதமே அவளைச் சிரிக்க வைத்தவர் அவர். "நான் டாக்டர் இல்லீங்க" என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும், அவரும் கேட்கவில்லை, அவர் மனைவியும் கேட்கவில்லை.

அவருடைய தட்டைக் காட்டி அவள் போட்ட ஒரு நிமிட வீடியோதான் அவளைப் பிரபலமாக்கியது. வேகவைத்த காய், முட்டையின் வெள்ளைக்கரு, கையளவு சோறு, பக்கத்தில் அளவுக்கோடு கிழித்த தண்ணீர் பாட்டில். "எழுபத்திரண்டு வயசு! இந்தக் கட்டுப்பாடு உங்களுக்கு வருமா?" என்று அவள் கேட்டதற்கு நாற்பதாயிரம் பேர் லைக் போட்டார்கள். அதன்பிறகு ஆட்கள் வந்து குவிந்ததில் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஐயாவோடு மாதம் ஒருமுறை வீடியோவில் பேசுவது "அடுத்த வாரம் பேசலாமே" ஆகி, அந்த அடுத்த வாரம் வராமலே போய்விட்டது.

இப்போது ஐயா வீட்டிலிருந்து வந்த படத்தைப் பெரிதாக்கியவளுக்குத் திக்கென்றது. தட்டுக்குப் பக்கத்தில் உப்பு ஜாடி, மூடி திறந்தபடி. கோடு கிழித்த பாட்டிலைக் காணோம். அந்த இடத்தில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர்.

நேற்றைய படத்தைத் திறந்தாள். அதிலும் உப்பு. போன வாரம், போன மாதம், அதற்கும் முந்தைய மாதம் என்று தள்ளிக்கொண்டே போனாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவளுடைய கட்டைவிரல் வெட்கமில்லாமல் நிமிர்ந்து நின்றது.

'பாவி! அந்த மனுஷன் கிட்னியை நானே கைதட்டிக் கெடுத்துட்டேனே' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். டயாலிசிஸ் வரை போகாமல் இழுத்துப் பிடிக்கத்தானே அவளை நம்பி வந்தார்கள்.

யோசித்தால் தைரியம் போய்விடும் என்று உடனே வீடியோவில் அழைத்தாள். மனைவிதான் எடுத்தார். ஐயாவுக்கு போன் என்றாலே ஆகாது. நம்பரும் அந்த அம்மாவுடையது, படம் எடுத்து அனுப்புவதும் அந்த அம்மாதான்.

"டாக்டரம்மா! நீங்களேவா!" வாயில் இருந்ததை அந்த அம்மா அவசரமாக விழுங்கினார்.

"ஐயா எங்கம்மா? கொஞ்சம் கூப்பிடுங்க."

அந்த அம்மா முன்னாலிருந்த தட்டை மெல்லத் தள்ளி வைத்தார்.

"எனக்குப் பயந்து ஒளிஞ்சுக்கிட்டாரா? திட்ட மாட்டேன்னு சொல்லுங்கம்மா. தப்பு என் மேலதான். அந்த உப்பு ஜாடி மாசக்கணக்கா படத்துல உக்காந்திருக்கு. நான் ஒரு நாளாவது ஒழுங்கா பார்த்திருக்கணும். என்னை மன்னிச்சிடுங்க. இன்னைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்."

"ஐயோ, நீங்க போயி மன்னிப்புக் கேக்கறதா? உங்களை ஏமாத்தினது நான்தாம்மா."

"நீங்களே அவருக்கு உப்புப் போட்டுக் குடுத்தீங்களா?"

"அவருக்கு இல்லம்மா." குரல் இறங்கியது. "அது என் தட்டு. அவர் போயி நாலு மாசமாச்சு. தூங்கினவர் எழுந்திரிக்கலை, நெஞ்சுதான் காரணம்னாங்க. கடைசி நாள்வரைக்கும் நீங்க சொன்னதை மீறலை. உப்பைத் தொடவே இல்லை."

நாலு மாதமாக, இல்லாத ஒருவருக்கு 'பிரமாதம்' என்று கட்டைவிரல் காட்டியிருக்கிறாள். கை கூசியது. போனைக் கீழே வைத்துவிடலாமா என்றுகூட இருந்தது.

"அப்புறம்... ஏம்மா தினமும் படம் அனுப்பினீங்க?"

அந்த அம்மா மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி அசடு வழியச் சிரித்தார். "வந்தவங்க எல்லாரும் கிளம்பிப் போனப்புறம் ரெண்டு நாள் அடுப்பே பத்த வைக்கலை. மூணாம் நாள் ஒரு மணிக்கு உங்க மெசேஜைப் பார்த்தேன். எழுந்து போயி சமைச்சேன். விஷயத்தைச் சொன்னா நிறுத்திடுவீங்களோன்னு பயந்துக்கிட்டுச் சொல்லலை. தப்புதான்."

"அம்மா, அது வந்து..." என்று ஆரம்பித்தாள் டயட்டீஷியன்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பெத்த பையனுக்குக்கூடத் தோணலை. நாள் தவறாம ஞாபகம் வச்சு, சாப்பிட்டீங்களான்னு என்னைக் கேக்கறது நீங்க ஒருத்தர்தானே, டாக்டரம்மா!"