கல்லுக்குப் பின்னால்

"கல்லுக்குப் பின்னாடி புடின்னா, கண்ட எடத்துல புடிக்கிறியேமே!"

கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து கத்தினார் கோதண்டபாணி. ராயப்பேட்டை வீட்டின் முன்னறைதான் அவருடைய ஸ்டூடியோ. சன்னலில் போர்வை தொங்கியது. மின்விசிறி போட முடியாது. வெளிச்சத்தை மென்மையாக்கும் பட்டர் பேப்பர் ஆடிவிடும்.

மேசையில் நிறுத்தியிருந்த கண்ணாடித் துண்டில் மிளகளவு ஒற்றைக்கல் மூக்குத்தி. அதற்குப் பின்னால் பட்டர் பேப்பர். அதற்கும் பின்னால் பல்பு விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி அவர் மனைவி தேவானை. காலையிலிருந்து இதே வேலை. தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

"அண்ணாச்சி, முதலாளி கண்டிசனாச் சொல்லிட்டாரு," என்றார் தி. நகர் நகைக்கடையிலிருந்து வந்திருந்த இசக்கிமுத்து. "போன படத்துல மூக்குத்தி செத்த எறும்பு மாதிரி விழுந்துட்டு. இன்னைக்கும் கல்லு ஒளி விடலன்னா, காலண்டர் வேலை மொத்தத்தையும் மவுண்ட் ரோட்டுக்காரனுக்குக் குடுத்துருவாராம்."

தேவானை பெருமூச்சு விட்டாள். அந்தக் காலண்டர் வேலையை விட்டால் அவர்கள் கையில் வேறு வேலை கிடையாது.

"கேட்டுக்கினியா? எல்லாம் உன்னாலதான். கல்லு எப்படி இருட்டிக்கினு கீது பாரு!"

"எங்கயா இருட்டு?" எட்டிப் பார்த்தாள் தேவானை. "மேல்பாதி நல்லாத்தான் எரியுது. கீழ்ப்பாதிதான் மங்கிக்கினு கீது."

"அதைத்தான் சொல்றேன்! எறக்கு விளக்கை."

இறக்கினாள். "இப்ப கல்லு முழுசா எரியுது. சுத்தி கீற தங்கம் கறுத்துப்போச்சு. அதுக்கும் என்னையே திட்டு."

"பின்னாடி வெளிச்சம் வெச்சா முன்னாடி கறுக்காதா, மரமண்டை? சின்னக் கண்ணாடியை முன்னாடி சாய்ச்சு வெச்சு வெளிச்சத்தைத் திருப்பு."

சாய்த்து வைத்தாள்.

"வாய்க்கு வாய் பேசறே இல்ல? இங்க வந்து பாரு உன் லட்சணத்தை!"

விளக்கை இசக்கிமுத்துவின் கையில் கொடுத்துவிட்டுத் துணிக்குள் புகுந்தாள் தேவானை. வெளியே வர வெகுநேரமாயிற்று.

"தூங்கிட்டியாமே?"

"இருய்யா, வர்றேன்."

அவள் திரும்பி வந்து விளக்கை வாங்கிக்கொண்டதும், இசக்கிமுத்துவும் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"யம்மா! குத்துவிளக்குல்லா எரியுது! மத்த நகைப் படம் எல்லாமும் உங்களுக்குத்தான் அண்ணாச்சி. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

கோதண்டபாணி பிலிமைச் செருகினார். கிளிக்.

மூக்குத்தியைப் பத்திரமாக மடித்துக்கொண்டு கிளம்பிய இசக்கிமுத்து, வாசலில் குரலைத் தாழ்த்தினார். "மதினி, இந்த ஏச்செல்லாம் எப்படித்தான் தாங்குதியளோ! ஆனா ஒண்ணு. அண்ணாச்சி கண்ணுக்கு எதுவும் தப்பாது."

தேவானை களைப்பாகச் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கோதண்டபாணி நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். நாற்காலியைத் தேடி அவர் கை காற்றில் துழாவியது. அவள் அந்தக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ரொம்பத் திட்டிட்டேனா தேவானை?"

"நீ திட்டினாத்தானேயா, எதிர்த்துப் பேசுற சாக்குல நான் எல்லாத்தையும் சொல்ல முடியும்?"

அவள் கையை அவர் விடவில்லை.

"அது சரி... அந்தக் கல்லு இன்னா கலருமே?"