முயலின் நிழல்

துப்பாக்கி, ரத்தம், பிணம் எதுவும் இனி படக்கதைகளில் இருக்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்த வாரமே 'துப்பறியும் சேந்தன்' தொடரை நிறுத்திவிட்டார் ஆசிரியர் தணிகாசலம். அகலத் தொப்பி போட்ட அந்தச் சேந்தனை முதல் இதழிலிருந்து வரைந்து வந்த பிலோமினாவைக் கூப்பிட்டார்.

"இனிமே முயல்தாம்மா. கேரட் திருடுறவனை முயல் கண்டுபிடிக்குது. குழந்தைங்க சிரிக்கணும், அவ்வளவுதான்."

பிலோமினா முயலை வரைந்தாள். காதுகளும் பஞ்சு வாலும் அழகாகத்தான் இருந்தன. ஆனால் முயலுக்குப் பின்னால் சுவரில் விழுந்திருந்தது, தொப்பி போட்ட ஓர் ஆளின் நிழல்.

"என்னம்மா இது?"

"நிழல் சார். உத்தரவுல நிழலைப் பத்தி ஒண்ணும் போடலையே."

"விளையாடாத. அது மேல வெள்ளை அடி."

அடித்தாள். அடுத்த பக்கத்தில் அது வேலியில் சாய்ந்து நின்றது. அதற்கடுத்த பக்கத்தில் கிணற்றடிக்கு வந்துவிட்டது. தணிகாசலத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"இனிமே எல்லாக் கதையும் உச்சி வெயில்லதான் நடக்கணும். சூரியன் தலைக்கு நேரா நிக்கட்டும். அப்புறம் நிழல் எங்க விழுதுன்னு பாக்குறேன்!"

"சரி சார்."

மறுநாள் புதுப் பக்கங்கள் வந்தன. எல்லாக் கட்டங்களிலும் சூரியன் நடுவானில் நின்றது. சுவரிலும் வேலியிலும் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. அச்சுக்கு அனுப்பக் கையெழுத்துப் போடப் போனவர் பேனாவை நிறுத்தினார். முயலின் காதுகள் வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தன. காலடியில் மட்டும் அகலமாக, வட்டமாக, ஒரு தொப்பியின் நிழல்.

"முயலுக்கு ஏதும்மா தொப்பி?"

பிலோமினா தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அதை முயல் கண்டுபிடிக்கும் சார்."