பதிவான சாவிகள்: இரண்டு

சாவி என்பது பூட்டைத் திறப்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட பொருள் என்று மனித குலம் வெகு காலமாக நம்பி வருகிறது. பிழை. உடனடியாகத் திருத்தப்பட வேண்டிய பிழை. வீட்டில் யார் அண்ணன், யார் தம்பி என்பது யாருக்கும் மறந்துவிடாமல் இருப்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதுதான் சாவி.

தம்பிக்கு இது கார் வாங்கிய பிறகுதான் தெரிந்தது. பழைய கார், அண்ணனும் தம்பியும் பாதிப் பாதி. கூட வந்தது ஒரே சாவி. அதற்குள் ஒரு சில்லு. அதன் ரகசிய எண்ணைக் கார் அடையாளம் கண்டால்தான் இன்ஜின் ஓடும். அதே மாதிரி இன்னொன்றைத் தெருமுனையில் வெட்டிக்கொள்ளலாம். கதவு திறக்கும், உள்ளே உட்காரலாம், ஹாரன் அடிக்கலாம். போகத்தான் முடியாது.

அந்த ஒரே சாவி அண்ணனின் சாவிக்கொத்தில் இருந்தது. அவர் ஸ்கூட்டரில் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனால் அதுவும் கூடவே போனது.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை சாவி வேணும்."

"எங்கடா போறே?"

"எங்கயோ போறேன். பாதிக் கார் என்னோடது."

"சரி, எந்தப் பாதியில போறேன்னு சொல்லிட்டுப் போ."

"இன்னொரு சாவி போட்டுட்டா இந்தப் பேச்சே வேண்டாமில்ல?"

"அதுக்குக் கோடிங் அது இதுன்னு ஆயிரம் இருக்குடா. ஒண்ணு போதும்."

ஒரு வருஷமாக இதே பதில். தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. நஷ்டஈடு கேட்டு வருபவர்களைச் சந்தேகப்படுவதற்குச் சம்பளம். யாரும் எடுக்காத காரில் பெட்ரோல் முள் மட்டும் எப்படி இறங்குகிறது என்று வேறு கொஞ்ச நாளாக அவனுக்குச் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை காரை நேராகச் சாவிக் கடைக்கு விட்டான்.

சாவிக்காரர் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகி, கையிலிருந்த கருவியைப் பார்த்தார்.

"இன்னொரு சாவி எங்க சார்?"

"ஒண்ணுதான் இருக்கு. அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"ரெண்டு பதிவாகியிருக்கே."

"சரியாப் பாருங்க."

"நான் பார்க்கலை சார், வண்டியே சொல்லுது. ரெண்டு."

தம்பியின் காது சூடாகிவிட்டது. ஒரு வருஷம்! ஒரு வருஷமாகப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கைநீட்டி வாங்க வைத்துவிட்டு, இன்னொன்றை ஒளித்து வைத்திருக்கிறார். யாருக்கு? வேறு யாருக்கு, அண்ணியின் தம்பிக்குத்தான். ஊர் சுற்ற!

"அதையும் எடுத்துட்டு வாங்க சார். புதுசு பதியும்போது இங்க இல்லாத சாவி செத்துடும். அப்புறம் வண்டி அதை ஏத்துக்காது."

"சாகட்டும்."

"யார்கிட்ட இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அழிங்கன்னு சொல்றேன்ல!"

அழித்தார்.

வீட்டுக்கு வந்து பழைய சாவியை அண்ணனிடம் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தான். புதுச் சாவி சட்டைப்பையில். நாமாகப் போய்க் கேட்கக் கூடாது. குற்றவாளி தானாக வந்து வாயைக் கொடுப்பான். ஆபீஸ் கற்றுக்கொடுத்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் போன் வந்தது. அண்ணி.

"தம்பி, கார் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. வெள்ளிக்கிழமைகூட நல்லா ஓடுச்சு."

"உங்ககிட்ட ஏது அண்ணி சாவி?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான்.

"அண்ணன் சாவிக்கொத்தோட கடைக்குப் போயிருப்பாரே, உங்ககிட்ட ஏது? ஒண்ணே ஒண்ணுதான்னு ஒரு வருஷமா எங்கிட்ட சத்தியம் பண்ணாத குறை!"

"தம்பி, அவர் கடைக்குக் கண்ணாடி வாங்க வெளியூர் போயிருக்கார். இப்ப ரொம்ப அவசரம்..."

"எனக்கு அவசரம்னப்ப யார் பார்த்தாங்க? பொதுவா ஒரு வண்டி வாங்கிட்டு, சாவியை ஒருத்தர் இடுப்புல சொருகிக்கிட்டு, இன்னொருத்தரைக் கெஞ்ச விடறது என்ன நியாயம்? நினைச்சப்ப எடுத்துட்டுப் போற உரிமை எனக்கு இல்லையா? நான்தான் அதை அழிச்சேன். ஆமா, நானேதான்!"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். தம்பி குரலைத் தாழ்த்தவில்லை.

"அப்படி எங்கதான் கிளம்பினீங்க?"

"டிரைவிங் டெஸ்ட்டுக்கு. பதினோரு மணிக்கு."

"உங்ககிட்டதான் லைசென்ஸ் இருக்கே!"

போன் கைமாறியது.

"எனக்குங்க."

அவன் மனைவி.

"ஆறு மாசமா அக்காதான் கத்துக் கொடுக்கறாங்க. நீங்க ஆபீஸ் போனதும். அதுக்குத்தான் உங்கண்ணன் அந்தச் சாவியைப் போட்டுக் கொடுத்தார். உங்களுக்குத் தெரிஞ்சா எதுக்குன்னு கேப்பீங்கன்னு, ஒண்ணுதான் இருக்குன்னு அவரே சொல்லிக்கிட்டார்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே நீ?"

"கேட்டேன். போன வருஷம். 'வண்டி வெச்சிருக்கறது ஓட்டறதுக்கு, இடிக்கறதுக்கு இல்ல'ன்னு சொன்னீங்க. உங்க ஆபீஸ்காரங்க சாப்பிட வந்திருந்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

அவன் எழுந்துவிட்டான்.

"இரு, இரு. புதுச் சாவி எங்கிட்ட இருக்கு. இதோ எடுத்துட்டு வரேன்."

"அங்கேருந்து வர ஒரு மணி நேரம் ஆகும்ங்க."

அடுத்த டெஸ்ட்டுக்கு ஏழு வாரம் கழித்துத் தேதி கிடைத்தது.