மழுங்காத கத்தி

புதிதாக ஒரு மடக்குக்கத்தி வாங்கினால் தணிகைவேல் அதை அட்டைப்பெட்டியில்தான் சோதிப்பான். சாதாரணக் கத்தியின் கூர்மையை அட்டை சீக்கிரம் தின்றுவிடும். இந்த முறை வாங்கிய கத்தியின் எஃகு லேசில் மழுங்காது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். சோதித்துப் பார்ப்பதற்குள் அவன் மனைவி சுகந்திக்கு வலி கண்டுவிட்டது. பிறந்த குழந்தை மூச்சு விடவே இல்லை. இருவரும் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள்.

மறுநாள் காலை அவன் கூடத்தில் உட்கார்ந்து, குழந்தைக்கு வாங்கிய சாமான்களின் பெட்டிகளை நாடா நாடாவாக அறுக்கத் தொடங்கினான். குளியல் தொட்டி வந்த பெட்டி, தள்ளுவண்டி வந்த பெட்டி. நடுநடுவே ஒரு காகிதத்தை வெட்டிப் பார்த்தான். கத்தி சத்தமே இல்லாமல் இறங்கியது.

சுகந்தி சுவரைப் பிடித்தபடி வந்து நின்றாள். பால் கட்டி நைட்டி நனைந்திருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"மழுங்குதான்னு பாக்குறேன்."

"மழுங்குச்சா?"

"இல்லம்மா." அவன் இன்னொரு நாடாவை அறுத்தான். "எவ்வளவு வெட்டினாலும் அப்படியே இருக்கு."

தொட்டில் வந்த பெட்டி மட்டும் மிஞ்சியிருந்தது. அதன்மேல் அச்சிட்டிருந்த குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அவன் கத்தியைத் தரையில் வைத்துவிட்டான். சுகந்தி தையல் இழுக்க இழுக்க மெல்லக் கீழே உட்கார்ந்தாள். பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, அட்டை மடங்காதபடி ஒரு முனையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"வெட்டுங்க," என்றாள்.